கோல் எடுத்தால் அணையும் கொம்பியூட்டர்



மட்டக்குளியிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். கணவர் கட்டாரில், மகள் உயர்தர வகுப்பில். வீட்டிலுள்ள ஒரே லெப்டொப் சில வாரங்களாக நீலத் திரையைக் காட்டிவிட்டு அணைந்து போகிறதாம். கடையில் காட்டினால், "கடல் காத்துல போர்ட் துருப்புடிச்சிட்டு, எல்லாத்தையும் அழிச்சி ஃபோர்மட் பண்ணணும்" என்றார்களாம். பெருநாள் படங்கள், மகளின் பாடக் குறிப்புகள் எல்லாம் அதற்குள்ளேதான். "எங்கள் வீட்டுப் பெண்களின் படங்களை அந்நிய ஆண்கள் கையில் கொடுக்கவும் மனமில்லை. வேறு வழி உண்டா?" என்று கேட்கிறார்.

களனி கங்கை கடலில் சேரும் இடம் மட்டக்குளி. காக்கைதீவுப் பக்கம் ஜன்னல் கம்பிகள் படும் பாடு நமக்குத் தெரியும். ஆனால் கடிதத்தின் கடைசியில் ஒரு வரி இருக்கிறது: மகள் கட்டுரை தட்டச்சு செய்யும்போது ஒன்றும் நடப்பதில்லையாம், வாப்பாவுடன் வீடியோவில் பேசத் தொடங்கினால்தான் அணைகிறதாம். துரு இப்படி நேரம் பார்த்து வராது. வைஃபை கடுமையாக உழைக்கும்போது மட்டும் கொம்பியூட்டர் விழுகிறதென்றால், முதலில் சந்தேகிக்க வேண்டியது நெட்வேர்க் டிரைவரை.

டிரைவர் என்பது ஒரு சிறு மென்பொருள். வைஃபை கார்ட்டுக்கும் விண்டோஸுக்கும் இடையில் மொழிபெயர்ப்பாளர். அது விண்டோஸின் உள்ளறைவரை போகும் அனுமதி பெற்றது. அங்கே அது தொடக்கூடாத நினைவகத்தைத் தொட்டுவிட்டால், தகவல்கள் கெடாமலிருக்க விண்டோஸ் தானாகவே எல்லாவற்றையும் நிறுத்திவிடும். அதுதான் நீலத் திரை. (2025 முதல் புதிய விண்டோஸ் 11 இல் அது கறுப்புத் திரை.)

அடுத்த முறை அணையும்போது பதறாமல் போனில் திரையைப் படமெடுங்கள். கீழே ஒரு கோப்பின் பெயர் இருக்கலாம். அது 'நெட்' என்றோ 'ஆர்.டி' என்றோ 'என்.டி.ஐ.எஸ்' என்றோ தொடங்கினால் நமது சந்தேகம் பெரும்பாலும் சரி.

பிறகு ஏரோப்ளேன் மோடைப் போட்டு அரை நாள் பாவியுங்கள். அணையாவிட்டால், அந்த நேரத்திலேயே படங்களையும் குறிப்புகளையும் பென் டிரைவில் பிரதி எடுத்துவிடுங்கள். இதை முடிக்காமல் வேறெதிலும் கை வைக்க வேண்டாம்.

பழைய டிரைவரை நீக்கினால் வைஃபையும் போய்விடும். இதை மறந்து மாட்டிக்கொண்டவர்கள் பலர். ஆகவே லெப்டொப்பின் அடிப்பக்கத்திலுள்ள மொடல் இலக்கத்தைப் பார்த்து, தயாரித்த கம்பனியின் தளத்திலிருந்து வைஃபை டிரைவரைப் போனில் இறக்கி, கேபிள் வழியாக லெப்டொப்பில் போட்டு வையுங்கள்.

இனி, ஸ்டார்ட் பொத்தானில் வலது கிளிக் செய்து டிவைஸ் மெனேஜருக்குப் போங்கள். நெட்வேர்க் அடெப்டர்ஸ் என்பதன் கீழ் வைஃபையின் பெயரில் வலது கிளிக், ப்ரொபர்டீஸ், டிரைவர். 'ரோல் பேக் டிரைவர்' அழுத்தக்கூடியதாக இருந்தால் அதையே அழுத்துங்கள். பழைய டிரைவர் திரும்ப வரும். மங்கலாக இருந்தால் 'அன்இன்ஸ்டோல் டிவைஸ்' கொடுத்து, டிரைவரையும் அழிக்கும்படி கேட்கும் கட்டத்தில் சரி போட்டு, மீள இயக்கி, இறக்கி வைத்ததை நிறுவுங்கள். உங்கள் படங்களுக்கு இதனால் ஒன்றும் ஆகாது.

டிவைஸ் மெனேஜர்வரை போவதற்குள்ளேயே அணைந்தால், ஷிஃப்டை அழுத்தியபடி ரீஸ்டார்ட் கொடுங்கள். ட்ரபிள்ஷூட், அட்வான்ஸ்ட் ஒப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ், ரீஸ்டார்ட் என்று போய் 4 ஐ அழுத்தினால் சேஃப் மோட் வரும். 5 வேண்டாம், அது நெட்வேர்க்கையும் எழுப்பிவிடும். வழியில் 48 இலக்கச் சாவி கேட்டால், பெரும்பாலும் அது உங்கள் மைக்ரோசொஃப்ட் கணக்கில் இருக்கும்.

2024 ஜூலை 19 நினைவிருக்கிறதா? க்ரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருளின் பிழையான ஒரு கோப்பால் உலகெங்கும் சுமார் 85 இலட்சம் கொம்பியூட்டர்கள் நீலத் திரையில் விழுந்தன. இந்திய விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். அதற்கும் சொன்ன வைத்தியம், சேஃப் மோடில் போய் அந்த ஒரு கோப்பை அழிப்பதுதான்.

டிரைவர் மாற்றியும் அணைந்தால் வைஃபை கார்ட்டே பழுதாயிருக்கலாம். டிவைஸ் மெனேஜரில் அதை 'டிஸேபிள்' செய்துவிட்டு, யூ.எஸ்.பி வைஃபை டொங்கிள் ஒன்றைச் செருகிப் பாருங்கள். வைஃபை இல்லாமலும் அணைகிறதென்றால் அது வேறு நோய், கடைக்குத்தான் போக வேண்டும். அப்போதும் டிஸ்க்கை உங்கள் முன்னிலையில் கழற்றித் தரச் சொல்லி, அதை வீட்டில் வைத்துக்கொண்டு லெப்டொப்பைக் கொடுங்கள். ரேம் பார்க்க டிஸ்க் தேவையில்லை.

சகோதரி, அடுத்த கடிதத்தில் மொடல் இலக்கத்தையும், திரையில் கண்ட கோப்பின் பெயரையும் எழுத்துப் பிசகாமல் எழுதி அனுப்புங்கள், இன்ஷா அல்லாஹ் பார்க்கலாம்.