அலுமினிய வண்டியும் நமது பட்டறையும்

அமெரிக்காவில் ஃபோர்டு கம்பெனியார், 2015-ஆம் ஆண்டு மாதிரியில், எஃப்-150 என்னும் சுமை வண்டியின் உடற்கூட்டை எஃகினின்று அலுமினியத்திற்கு மாற்றினர். எடை 700 இராத்தல் வரை குறைந்தது. எஃகின் எடையில் மூன்றிலொரு பங்கே உடைய இவ்வுலோகம் துருப்பிடிப்பதுமில்லை.

அலுமினியம் நமக்குப் புதிதன்று. 1898-இல் ஆல்ஃபிரட் சாட்டர்டன் சென்னைக் கலைத்தொழிற் பாடசாலையில் அலுமினியப் பாத்திரத் தொழிலைத் தொடங்கினார். பித்தளை ஆண்ட அடுக்களையில் அது விரைவிற் குடியேறிற்று. ஆயின் நசுங்கிய பாத்திரத்தைத் தட்டி நிமிர்த்தினால் போதும், வண்டியோ அத்தகையதன்று.

சுற்றுக் கிராமங்களினின்று மாட்டுத்தாவணிக்கு மல்லிகையும் காய்கறியும் ஏற்றிவரும் சிறு வண்டிகளுக்கு இம்மாற்றம் வருமாயின், வண்டியிற் குறைந்த எடை பாரத்திற்கு உதவும். அன்றேல் எண்ணெய் மிஞ்சும். இஃது உண்மையே. எனினும், அடிபட்ட எஃகுத் தகட்டைச் சாலையோரப் பட்டறையார் நிமிர்த்திப் பற்றவைத்து அன்றே அனுப்பிவிடுவர். அலுமினியமோ தன்மேற் படரும் ஆக்சைடு படலத்தால் எளிதிற் பற்றாது. தனிக் கருவியும் தேர்ந்த கையும் வேண்டும். அவை இல்லையேல் எண்ணெயில் மிஞ்சிய பணம் பழுதுபார்ப்பிற் கரையும். பட்டறையார் பிழைப்பும் கம்பெனிப் பணிமனைகளுக்கே போய்ச் சேரும்.

ஆதலின் புதிய வண்டிக்கு முன்னே புதிய பயிற்சி வரவேண்டும். தொழிற்பயிற்சி நிலையங்கள் இதனை இன்றே பாடமாக்குதல் நலம். வண்டியின் பாரம் குறைவது நன்றே. அப்பாரம் தொழிலாளியின் தலையில் ஏறலாகாது.