சோதனை மலிவு, மலையிறங்குவது செலவு

இலங்கை ஆண்களுக்கு வரும் புற்றுநோய்களில் முதலிடம் வாய்ப் புற்றுக்கு. மாத்தளை மாவட்டத்தில் றத்தோட்டை, எல்கடுவ பக்கத்துத் தோட்டங்களில் வெற்றிலையோடு பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை சேர்த்துக் கடைவாயில் ஒதுக்கிக்கொண்டு மலைக்கு வேலைக்குப் போகிறவர்கள் இன்றும் உண்டு. புகையிலை சேராத வெறும் பாக்கே புற்றை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004 இல் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது.

ஒரு சொட்டு எச்சிலை வைத்தே நோயை முளையில் பிடிக்கலாம் என்ற ஆசையைத் தருபவை ஒலியலை உணரிகள். சங்கதி பழையதுதான். மின்சாரம் கொடுத்தால் குவார்ட்ஸ் படிகம் மாறாமல் அதிரும். அதன்மேல் ஏதாவது ஒட்டினால் அதிர்வு குறையும். எவ்வளவு ஒட்டினால் எவ்வளவு குறையும் என்ற கணக்கை ஜெர்மானிய இயற்பியலாளர் சவர்பிரே 1959 இலேயே எழுதிவிட்டார். விநாடிக்கு 50 இலட்சம் முறை அதிரும் படிகத்தில் ஒரே ஒரு அதிர்வு குறைந்தால், சதுர சென்டிமீற்றருக்குச் சுமார் 18 நானோகிராம் படிந்திருக்கிறது என்று அர்த்தம். நோய்க்குறிப் புரதத்தைப் பிடிக்கும் எதிர்ப்பொருளை மேலே பூசிவிட்டால் உணரி தயார். கைபேசிக்குள் இருக்கும் ஒலியலை வடிகட்டிகளும் இந்தக் குடும்பம்தான். கோடிக்கணக்கில் செய்யப்படுவதால் சில்லு மலிவு.

ஆனால் மலிவு சில்லோடு முடிகிறது. எதிர்ப்பொருளுக்கு விலை உண்டு, பெரும்பாலும் குளிர்சாதனப் பெட்டியும் வேண்டும். ஒட்டியது எது என்று படிகத்துக்குத் தெரியாது. எச்சிலின் வேறு புரதம் ஒட்டினாலும் அது அதிர்வைக் குறைத்துக் காட்டும். வாய்ப் புற்றுக்காக ஆராயப்படும் இன்டர்லூகின்-8 என்ற புரதம், ஈறு வீங்கினாலும் கூடும். வெற்றிலை போடும் வாயில் ஈறு நோய்க்கா பஞ்சம்!

இதைவிடப் பெரிய சிக்கலை நம் மத்திய மாகாணமே முன்பு கண்டிருக்கிறது. பல் மருத்துவ ஆய்வாளர் சமன் வர்ணகுலசூரியவும் சகாக்களும் 1984 இல் வெளியிட்ட ஆய்வில், 34 ஆரம்ப சுகாதாரப் பணியாளர்கள் ஓராண்டில் ஏறத்தாழ 29 ஆயிரம் பேரின் வாயைக் கண்ணாலேயே சோதித்தார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்டோரை மேல்பரிசோதனைக்கு அனுப்பினார்கள். அவர்களில் பெரும் பங்கினர் போகவே இல்லை. கண்ணால் பார்ப்பதும் லேசுப்பட்டதல்ல: புகையிலை, மதுப் பழக்கமுள்ளவர்களிடையே அதனால் வாய்ப் புற்று மரணம் மூன்றில் ஒரு பங்கு குறைந்ததைத் திருவனந்தபுரம் ஆய்வு 2005 இல் காட்டியது.

உணரி என்ன சொன்னாலும், சதைத் துண்டெடுத்துப் பார்த்தால்தான் புற்று உறுதியாகும். அதற்குப் பேராதனைப் பல் வைத்தியசாலைக்குப் போவதென்றால், றத்தோட்டையிலிருந்து மாத்தளைக்கு ஒரு பஸ், கண்டிக்கு இன்னொன்று, பேராதனைக்கு மற்றொன்று. முடிவு வாங்க இன்னொரு நாள். வேலைக்குப் போகாத நாளுக்குப் பேர் விழாது; அன்றைய சம்பளம் இல்லை. வாயிலுள்ள வலிக்காத வெள்ளைத் திட்டுக்காக இரண்டு நாள் சம்பளத்தை யார் விடுவார்கள்?

தோட்ட மருந்தகத்துக்கு உணரி வரட்டும், வேண்டாமென்று யாரும் சொல்லவில்லை. அதற்கு முன், துண்டெடுக்கப் போகும் நாளுக்குத் தோட்டக் கம்பனிகள் முழுப்பேர் போடட்டும். துண்டெடுக்கும் வசதியை மாதத்தில் ஒரு நாளாவது றத்தோட்டைக்கே சுகாதார அமைச்சு கொண்டுவரட்டும். இவ்விரண்டுக்கும் புதுக் கண்டுபிடிப்பு எதுவும் தேவையில்லை.