நிரல் எழுதும் கங்காணிகள்

போன மழைக்காலத்தில் ஒரு ராத்திரி. வேளச்சேரியில் எங்கள் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர். பசி தாங்காமல், கொஞ்சம் வெட்கத்தோடுதான், இட்லி ஆர்டர் போட்டேன். ஒரு மணி நேரம் கழித்து ஒரு தம்பி வண்டியைத் தள்ளிக்கொண்டே வந்து சேர்ந்தார். உடம்பெல்லாம் சொட்டச் சொட்ட.

“சைலன்சர்ல தண்ணி ஏறி வண்டி ஆஃப் ஆயிடுச்சு சார். நின்ன இடத்துலயே நின்னா ஐடில்னு காட்டி ஆர்டர வேற ஆளுக்கு மாத்திடும், ஸ்கோரும் போயிடும். அதான் தள்ளிக்கிட்டே வந்துட்டேன். ரேட்டிங் மட்டும் பாத்துப் போடுங்க சார்.”

ஐந்து நட்சத்திரம் போட்டேன். ஐம்பது ரூபாய் கொடுத்தேன். தூக்கம்தான் வரவில்லை. காரணம், அந்த ‘ஐடில்’ எனக்குப் பழக்கமான ஆள். அவருடைய கம்பெனி வேறு, நான் முன்பு வேலை பார்த்த கம்பெனி வேறு. ஆனால் அதே மாதிரி ஒன்றை நானும் எழுதியிருக்கிறேன். ஜிபிஎஸ் புள்ளி இத்தனை நிமிடம் நகரவில்லையென்றால் ஆர்டரைப் பிடுங்கி அடுத்தவருக்குக் கொடு, ஸ்கோரைக் குறை. இரண்டு நாள் வேலை. டெமோவில் கைதட்டினார்கள். ஏன் நகரவில்லை என்று சொல்ல அதில் இடமே கிடையாது. மழை, பஞ்சர், மயக்கம், போலீஸ் செக்கிங் எல்லாம் அதற்கு ஒன்றுதான். காரணம் கேட்க ஒரு கட்டம் வைக்கலாமே என்று மீட்டிங்கில் ஒரு ஜூனியர் பெண் கேட்டார். “ஃபேஸ் டூல பாத்துக்கலாம்மா” என்று சொன்னது நான்தான்.

இதையெல்லாம் பேசினால் எங்கள் தொழிலில் ஒரு பதில் தயாராக இருக்கிறது: “அல்காரிதம் முடிவு பண்ணுது, நாம என்ன பண்றது?” எனக்கு எரிச்சலூட்டுவது இந்த வாக்கியம்தான். அல்காரிதம் ஆகாயத்திலிருந்து விழவில்லை. யாரோ ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், சாப்பிட்ட மயக்கத்தில், அதை எழுதினார்கள்.

தொழில்நுட்பத்தால் காரணம் கேட்க முடியாது என்றும் சொல்லாதீர்கள். இட்லி ஆறிப்போயிருந்தால் எனக்கு அதே ஆப்பில் புகார் சொல்ல வழி இருக்கிறது. என்ன குறை என்று தேர்ந்தெடுக்கலாம், போட்டோ ஏற்றலாம், பணத்தைத் திரும்பக் கேட்கலாம். ஆறின இட்லிக்குக் காரணம் கேட்கத் தெரிந்த நமக்கு, நனைந்த மனிதனிடம் கேட்கத் தெரியவில்லை.

2020 இறுதியில் இத்தாலியின் பொலோன்யா நீதிமன்றம் டெலிவரூ நிறுவனத்துக்கு எதிராக ஒரு தீர்ப்பு கொடுத்தது. ஓட்டுநர்களைத் தரவரிசைப்படுத்திய அவர்களின் அல்காரிதத்துக்கு ‘ஃபிராங்க்’ என்று பெயர். ஒத்துக்கொண்ட ஷிப்டுக்கு வராதவர் காய்ச்சலில் படுத்திருந்தாரா, வேலைநிறுத்தத்தில் இருந்தாரா என்று ஃபிராங்க் பார்க்காது. புள்ளியைக் குறைக்கும். நல்ல ஷிப்டுகள் மற்றவர்களுக்குப் போகும். இயந்திரம் எல்லோரையும் ஒரே மாதிரி பார்க்கிறது, அதனால் பாரபட்சம் இல்லை என்று நாம் பெருமையடிக்கிறோம். காரணத்தைப் பார்க்காமல் எல்லோரையும் ஒன்றாக நடத்துவதே பாகுபாடுதான் என்றது நீதிமன்றம்.

நாங்கள் செய்யும் வேலைக்குத் தமிழில் பழைய பெயர் ஒன்று உண்டு. கங்காணி. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குத் தன் ஊரிலிருந்தும் சொந்தபந்தத்திலிருந்தும் ஆள் கூட்டிப்போனவர். வேலைக்கு வந்த தலைகளை எண்ணி அவருக்குக் காசு. எடுத்த கொழுந்து போதவில்லையென்றால் கூலியில் பாதி வெட்டு, ‘அரைப்பேர்’ என்பார்கள். இன்றைய இன்சென்டிவ் கட் அதன் பேரப்பிள்ளை.

கங்காணியை நான் நல்லவராக்கவில்லை. கடனில் ஆட்களைக் கட்டிப்போட்டவர் அவர். ஆனாலும் ‘பிள்ளைக்குக் காய்ச்சல்’ என்று சொல்ல அங்கே ஒரு முகம் இருந்தது. கேட்காவிட்டால் மண்ணை வாரித் தூற்ற ஒரு பெயர் இருந்தது. நாங்கள் அந்த முகத்தையும் பெயரையும் எடுத்துவிட்டு, மீதியை அப்படியே வைத்துக்கொண்டோம்.

“நீயும் சம்பளக்காரன்தானே, இ.எம்.ஐ. யார் கட்டுவா? நீ எழுதலன்னா இன்னொருத்தன் எழுதப்போறான்” என்பார்கள். சரிதான். கங்காணியும் துரையிடம் கைநீட்டிக் காசு வாங்கியவர்தான். அதோடு, நாம் எழுதுவது நம்மைத் தேடியும் வரும். ஆபீஸ் சாட்டில் பச்சைப் புள்ளி மஞ்சளாகாமல் இருக்க, மவுஸைத் தானாக ஆட்டும் கருவி வாங்கி வைத்திருக்கும் நண்பர்கள் எனக்கு உண்டு. லட்சத்தில் சம்பளம் வாங்கும் சீனியர் இன்ஜினியர்கள். அந்தத் தம்பி வண்டியைத் தள்ளினார், இவர்கள் மவுஸை ஆட்டுகிறார்கள். இரண்டு பேருக்கும் பயம் ஒன்றுதான்.

யாரையும் வேலையை விடச் சொல்லவில்லை. நானே அன்று விடவில்லை. அடுத்த மீட்டிங்கில் ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள்: “இதுல மாட்டிக்கிறவங்க யார்கிட்ட பேசுவாங்க?” பதில் இல்லையென்றால் அந்த வேலை இன்னும் முடியவில்லை என்று எழுதி வையுங்கள். டிக்கெட்டை மூடாதீர்கள். இதற்காக யாரும் வேலையை விட்டுத் தூக்க மாட்டார்கள். அதிகபட்சம் மேனேஜர் முகம் சுளிப்பார்.

அந்த ஜூனியர் பெண் இதைத்தான் செய்தார். நான்தான் தட்டிவிட்டேன். நான் எழுதியது இன்னும் எங்காவது ஓடிக்கொண்டிருக்கலாம். ஃபேஸ் டூ வந்ததாகத் தகவல் இல்லை.