எட்டாத ஆக்டேவ்

ஏபிஆர்எஸ்எம் பியானோத் தேர்வின் பெர்ஃபார்மன்ஸ் கிரேடில் மூன்று பீஸ் பட்டியலிலிருந்து, நான்காவது சொந்தத் தெரிவு. அது அந்த கிரேடுக்கு இணையாகவோ மேலாகவோ இருக்க வேண்டும். முன் அனுமதி தேவையில்லை. 2020-இல் இந்தத் தேர்வு வந்த நாள்முதல், 'இணை' என்பதை எப்படி அளப்பது என்று வாசகர்கள் கேட்டபடியே இருக்கிறார்கள். விதியை நாம் வரவேற்கிறோம். ஆனால் எடைபோடும் பொறுப்பை ஆசிரியர் தலையில் வைத்தவர்கள் தராசைத் தர மறந்துவிட்டார்கள்.

முதல் பக்கத்தைப் பார்த்துத் தரம் சொல்வதை நாமும் விட வேண்டும். 'ஃபர் எலீஸ்' தொடக்கத்தைச் சிறுபிள்ளையும் வாசித்துவிடும். எஃப் மேஜர் பகுதியின் விரைவுச் சுரங்கள் வந்ததும் கை திணறும். ஒரு பீஸின் கிரேடு அதன் மிகக் கடினமான நான்கு பாரில் இருக்கிறது. அந்த நான்கை உரிய வேகத்தில் மெட்ரோனோம் வைத்து வாசித்து, பட்டியல் பீஸ் ஒன்றின் கடினமான நான்கோடு ஒப்பிடுங்கள். ஹென்லே பதிப்பகத்தின் 1 முதல் 9 வரையான கடினநிலை எண்களும் துணைக்கு உதவும்.

எந்த எண்ணிலும் அடங்காதது கைவிரிவு. ஆக்டேவின் அகலம் ஏறத்தாழ 16.5 செ.மீ.; பத்து வயதுச் சிறுமிக்கும் ஆறடி ஆளுக்கும் அதே கட்டைதான். பாஹின் சி மேஜர் இன்வென்ஷனில் சிரமமெல்லாம் இரு கைகளும் தனித்தனியே பேசுவதில். சிறிய கை அங்கே தடையில்லை. 'மூன்லைட்' முதல் பகுதி மெதுவானது, சுரங்களும் எளியவை. ஆனால் முதல் பாரிலேயே இடக்கைக்கு ஆக்டேவ். 'பதேதிக்' முதல் பகுதியின் இடக்கை ஆக்டேவ் ட்ரெமோலோ பெரிய கைக்குப் பயிற்சி, சிறிய கைக்கு மணிக்கட்டு வலி. இரு கைகளுக்கும் ஒரே கிரேடு எண் எப்படிப் பொருந்தும்? யோசெஃப் ஹாஃப்மனின் சிறிய கைக்காக ஸ்டைன்வே கட்டைகளையே குறுக்கிக் கொடுத்தது. மேதைக்குக் கட்டை குறுகும். நம் பிள்ளைகள்தான் கையை நீட்டிக்கொள்ள வேண்டும்!

எட்டாத இடத்தில் எப்போதாவது கார்டைப் பிரித்து வாசிக்கலாம், சுரத்தை விடலாம், இசை கெடாமல் இருந்தால் சரி என்கிறது சிலபஸ். கெட்டதா இல்லையா என்பதை நாம் அனுப்பும் வீடியோவைப் பார்க்கும் தேர்வாளர் தீர்மானிப்பார். அதுவரை ஆசிரியரும் மாணவரும் ஊகத்தில் உழைக்க வேண்டும். ஸ்கேலுக்கெல்லாம் மெட்ரோனோம் வேகம் அச்சிடுகிறவர்களுக்கு, பீஸின் பெயரருகே அதன் அதிகபட்ச விரிவு எட்டா, ஒன்பதா என்று ஓர் எண் போடவா மை போதவில்லை?

அடுத்த சிலபஸிலாவது அந்த எண் வரட்டும். அதுவரை, பீஸைத் திறக்கும் முன் மாணவரின் கையைக் கட்டைமேல் விரிக்கச் சொல்லி, வலியின்றி எட்டும் தூரத்தை அவர் நோட்டில் குறித்துவையுங்கள். அந்தக் குறிப்பைத் தாண்டும் பீஸ், எந்த கிரேடானாலும், நான்காவதாக வேண்டாம்.