மண் எமது, வினா யாருடையது?

புவிச்சரிதவியலிலும் புவிப்பௌதிகவியலிலும் பட்டப்பின் ஆராய்ச்சியை மேற்கொள்ள விரும்பும் எமது மாணவரிடம் வழக்கமாகக் கேட்கப்படும் கேள்விகள் மூன்று. எந்த நாடு? எந்தப் புலமைப்பரிசில்? முடித்தபின் எந்த உத்தியோகம்? நான்காவது கேள்வியொன்றும் உண்டு. நீ ஆராயப் போகும் வினாவை வகுத்தவர் யார்? பெற்றோர் இதனைக் கேளாதிருப்பதில் வியப்பில்லை. ஆசிரியர்களாகிய நாமும், சமுதாயப் பொறுப்பைப் பற்றி மேடைதோறும் பேசுகின்ற நாமும், இதனைக் கேளாதிருப்பதே கவலைக்குரியது.

இக்கேள்வியின் வரலாறு பழையது. கலை விமர்சகராக உலகறிந்த ஆனந்த குமாரசுவாமி அடிப்படையில் ஒரு புவிச்சரிதவியலாளர் என்பதை எம்மவர் பலர் மறந்துவிட்டனர். 1903 முதல் 1906 வரை இலங்கையின் கனிப்பொருள் அளவைப் பகுதிக்கு அவர் பணிப்பாளராக இருந்தார். அக்காலத்தில், 1904இல், இந்நாட்டிலிருந்து இலண்டனுக்கு அனுப்பப்பட்ட கருநிறக் கல்லொன்று புதியதொரு கனியமென அறியப்பட்டது. தோரியனைற்று என்பது அதன் பெயர். ஐரோப்பிய நகரங்களின் வாயு விளக்குகளுக்குத் தோரியம் வேண்டியிருந்த காலம் அது. ஆகவே கல் கப்பலேறியது. மறு ஆண்டிலேயே இலண்டனில் வில்லியம் ராம்சேயின் ஆய்வுகூடத்திற் பயிற்சி பெற்றுக்கொண்டிருந்த இளம் ஜேர்மானியர் ஒட்டோ ஹான், இலங்கைக் கனியத்திலிருந்து ரேடியோதோரியத்தைக் கண்டறிந்தார். கதிரியக்க இரசாயனவியலில் அவர் தொடங்கிய அப்பயணம் 1944ஆம் ஆண்டின் நோபெல் பரிசுவரை சென்றது. ஹானின் திறமையை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. கல் பிறந்த நாட்டில் அதனைப் பகுத்தாராய ஓர் ஆய்வுகூடம் எழவில்லை என்பதையே சுட்டுகிறோம். கொழும்பிலே பல்கலைக்கழகக் கல்லூரி தோன்றியதே 1921இல்தான்.

குடியேற்ற ஆட்சி அகன்றபின் இந்நிலை அடியோடு மாறிவிட்டதா? புல்மோட்டைக் கரையின் மணலில் இல்மனைற்றும் உரூத்தைலும் செறிந்துள்ளன. அம்மணலைப் பிரித்தெடுக்கிறோம், பெரும்பகுதியை மூலப்பொருளாகவே ஏற்றுமதி செய்கிறோம். அதனை வண்ணப்பூச்சுக்கும் உலோகத்துக்கும் உரியதாக்கும் அறிவு பிறநாடுகளின் ஆலைகளில் இருக்கிறது. மன்னார்ப் படுகையில் 2011இல் இயற்கை வாயு காணப்பட்டது. 2015இல் அதனைத் தேடிய கம்பனி விலகிச் சென்றது. இதற்கு முன்னரே, 1970களில், சோவியத் உதவியுடன் பேசாலையில் துளையிட்டுப் பார்த்தனர். கடலடியில் அதிர்வலைகளைச் செலுத்தி, பாறைப் படைகளிலிருந்து திரும்பும் எதிரொலியை வாசிப்பதே இன்றைய புவிப்பௌதிகவியலின் பெருங்கலை. அந்த எதிரொலியை வாசிக்க எமது பிள்ளைகள் போதிய தொகையிற் கற்காதவரை, எமது கடலடியில் என்ன இருக்கிறதென்பதைக் கம்பனிகளே எமக்குச் சொல்லும். அவை சொல்வதைச் சரிபார்க்கவும் எமக்கு வழியிராது.

இதனை வெறும் பொருளாதாரக் கணக்கென்று எவரும் கருதவேண்டாம். 2004 டிசெம்பர் 26ஆம் திகதி சுமாத்திராவுக்கு அப்பால் நிலம் அதிர்ந்தது. பேரலை எமது கிழக்குக் கரையை அடைய ஏறத்தாழ இரண்டு மணித்தியாலம் சென்றது. பள்ளேகலையில் உலக வலையமைப்பொன்றைச் சேர்ந்த நிலநடுக்கப் பதிகருவி இருந்தது. ஆயினும் கரையோர மக்களுக்கு எச்சரிக்கை எதுவும் வரவில்லை. 30,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். நாட்டில் ஒரு கருவி இருப்பது வேறு. அதன் வரைகோட்டை அக்கணமே வாசித்து முடிவெடுக்கும் அறிஞர் குழாமும், அம்முடிவைக் கரைவரை கொண்டுசெல்லும் அமைப்பும் இருப்பது வேறு. இவ்விரண்டுக்கும் இடையிலான வெளியிலேதான் அந்த உயிர்கள் போயின.

“விஞ்ஞானத்துக்கு நாடில்லை, வினா எங்கிருந்து வந்தாலென்ன?” என்று நம்மிடையே சிலர் வாதிப்பர். விதிகளுக்கு நாடில்லை என்பதை நாம் ஏற்கிறோம். ஆனால் விதிகளைத் தேடத் தூண்டும் தேவைக்கு நாடும் ஊரும் உண்டு. கடற்கரை நிலத்தில் நன்னீர், பாரமான உவர்நீரின்மேல் வில்லைபோல் மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் ஓரடி நன்னீர் நின்றால் கீழே ஏறத்தாழ 40 அடிக்கு நன்னீர் இறங்கியிருக்கும் என்பது இத்துறை மாணவர் அனைவரும் கற்கும் விதி. அதனை 1880களின் இறுதியில் கண்ட ஒல்லாந்தர் பேடன் கைபன், ஆம்ஸ்ரடாமுக்கு அருகே கிணறு துளைக்கும் வேலையை ஆராய்ந்துகொண்டிருந்தார். 1901இல் அதனையே எழுதிய ஜேர்மானியர் ஹேர்ஸ்பேர்க், வடகடல் தீவுகளின் குடிநீரைப் பற்றி ஆராய்ந்தார். தம் ஊரின் தாகத்திலிருந்தே அவர்கள் உலக விதியைக் கண்டனர்.

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வாழ்வு அவ்விதியிலேயே தங்கியிருக்கிறது. வற்றாத ஆறொன்றும் எமக்கில்லை. மாரிமழை மயோசீன் காலச் சுண்ணக்கல்லுக்குள் இறங்கி உவர்நீரின்மேல் மிதப்பதே எமது செல்வம். நிலாவரையில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருப்பதை ஊரார் யாவரும் அறிவர். துலாவால் இறைத்த காலத்தில் கிணறு ஊறுவதற்கு அவகாசம் இருந்தது. நீரிறைக்கும் இயந்திரம் வந்தபின் வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் பெருகின, இறைப்பும் பெருகியது. விதியின்படி நன்னீர் மட்டம் நிலையாக ஓரடி தாழ்ந்தால் உவர்நீர் 40 அடி மேலெழ வேண்டும்.

இங்கேதான் ஆராய்ச்சிக்குரிய வினா பிறக்கிறது. ஐரோப்பியர் அவ்விதியைக் கண்டது மணற்பாங்கான நிலத்தில். எமது சுண்ணக்கல்லோ நீர் அரித்த குகைகளும் பிளவுகளும் நிறைந்தது. அதனூடே உவர்நீர் எவ்வழியே, எவ்வளவு விரைவாக ஏறும்? தோட்டத்தில் இட்ட உரத்தின் நைத்திரேற்று எந்தக் கிணற்றை எப்போது சேரும்? இவற்றுக்கு ஒல்லாந்தில் விடை கிடையாது. சுன்னாகத்தில் மின்நிலையத்தை அண்டிய கிணறுகளில் எண்ணெய் கலந்தமை பெரும் பிரச்சினையானபோது, ஓர் ஆய்வு எண்ணெய் உண்டென்றது. வேறொரு குழு தீங்கான மாசு இல்லையென்றது. குடிப்பதா விடுவதா என்று தெரியாமல் மக்கள் வாளியுடன் நின்றனர். 2019இல் உயர் நீதிமன்றம் மின்நிலையத்தை நடத்திய கம்பனி 2 கோடி ரூபா நட்டஈடு வழங்கவேண்டுமெனத் தீர்ப்பளித்தது. அக்கிணறுகளைப் பற்றிய பல்லாண்டுக் கால அளவீடுகள் முன்னரே பொதுமக்கள் கையில் இருந்திருந்தால், இரு அறிக்கைகளுக்கிடையே அவர்கள் தத்தளித்திருக்க வேண்டியதில்லை.

“கருவி எங்கே? பணம் எங்கே?” என்பது அடுத்த ஆட்சேபம். விலையுயர்ந்த கருவிகள் இத்துறைக்கு வேண்டுமென்பது மெய்யே. ஆனால் நிலத்தடி உவர்நீரைத் தேடும் மின்தடை முறை எளிமையானது. நான்கு மின்வாய்களை நிலத்தில் ஊன்றி, வெளியிரண்டின் வழியே மின்னோட்டத்தைச் செலுத்தி, உள்ளிரண்டுக்கும் இடையிலான அழுத்த வேறுபாட்டை அளப்பர். இடைத்தூரத்தைக் கூட்டக் கூட ஆழத்தின் செய்தி கிடைக்கும். உவர்நீர் மின்னை எளிதிற் கடத்துவதால் தன்னைத் தானே காட்டிக்கொடுக்கும். இதற்கு மேலாக, குடாநாட்டின் ஒவ்வொரு வளவிலும் கமக்காரர் தம் வியர்வையால் தோண்டிய கிணறு ஆராய்ச்சித் துளையாகக் காத்திருக்கிறது. குறைவாயிருப்பது கருவி மட்டுமன்று. எமது வினாவை வினாவாக மதிக்கும் துணிவும் குறைவாயிருக்கிறது.

வெளிநாடு செல்லாதீர் என்று நாம் மாணவரைத் தடுக்கவில்லை. கிணற்றுத் தவளையாக இருப்பது தேசபக்தியன்று. ஆயினும் அங்கே புலமைப்பரிசிலை அளிப்போர் தமது வினாவையும் சேர்த்தே அளிக்கின்றனர். எமது மாணவன் பிறநாட்டு எண்ணெய்ப் படுகையொன்றின் அதிர்வலைகளைத் திருத்துவதில் நான்கு ஆண்டுகளைச் செலவிடுகிறான். அல்லது எமது பாறையை அங்கே கொண்டுசென்று, எமக்கு எட்டாத சஞ்சிகையில் அதன் வயதை எழுதுகிறான். உள்நாட்டிலே முடிக்கும் ஆய்வேடும் ஆங்கிலத்தில் எழுதப்பட்டு நூலக அலுமாரியில் உறங்குகிறது. தன் கிணற்றைத் திறந்துவிட்ட கமக்காரருக்கு அவரது நீரைப் பற்றிய ஒரு வரியும் போய்ச் சேர்வதில்லை.

எனவே நாம் கோருவன இவை. பேராதனையில் உள்ளதுபோல் வடக்கிலும் கிழக்கிலும் இக்கல்விக்கு முழுமையான துறைகள் அமைக்கப்படல் வேண்டும். வறிய மாணவரும் ஆராய்ச்சியில் நிலைத்து நிற்கப் போதிய உதவிப்பணம் அரசால் வழங்கப்படல் வேண்டும். நாட்டை விட்டுச் செல்லும் ஒவ்வொரு பாறை மாதிரிக்கும் ஒரு பிரதியும், ஒவ்வொரு அளவீட்டுக்கும் ஒரு படியும் இங்கே பொதுச்சொத்தாக வைக்கப்படல் வேண்டும். பொதுப்பணத்தில் எழுந்த ஒவ்வோர் ஆய்வேட்டின் சாரமும் தமிழிலும் சிங்களத்திலும் ஆராயப்பட்ட ஊரைச் சென்றடைதல் வேண்டும்.

ஆசிரியர்களின் கடமை இன்னும் முன்னரே தொடங்குகிறது. வகுப்பறையில் ஒரு கிணற்றின் நீர்மட்டத்தை மாதந்தோறும் அளந்து எழுதும் பழக்கத்தை இன்றே ஏற்படுத்தலாம். பத்தாண்டுகளில் அக்குறிப்பேடு எந்தக் கம்பனியிடமும் இல்லாத செல்வமாகும். அதனைக் கையிலேந்திச் செல்லும் மாணவன், எந்நாட்டுப் பல்கலைக்கழகத்தின் வாயிலை அடைந்தாலும், பிறர் தரும் வினாவுக்காகக் காத்து நிற்கமாட்டான்.