மண் தாங்கும் எடை

நுழையும்முன்

கருவிகள் வளர வளர உழவு எளிதாகும். உழவு எளிதானால் விளைச்சல் பெருகும் என்பது பலரும் கொண்டுள்ள நம்பிக்கை. அந்நம்பிக்கை முழு உண்மையா? இயந்திரத்தின் வலிமையைக் கண்டு வியக்கும் கண், அதைத் தாங்கும் மண்ணையும் காண வேண்டும் என வலியுறுத்துகிறது இக்கட்டுரை.

கோதுமை வயலில் ஓர் இரவு

இங்கிலாந்தின் கிழக்குப் பகுதியில் உள்ள நார்போக், லிங்கன்சயர், கேம்பிரிட்ஜ்சயர் ஆகியவை கோதுமை விளைச்சலுக்குப் பெயர்பெற்றவை. ஆகஸ்டு மாதத்தில் அங்கே கோதுமை அறுவடை நடைபெறுகிறது. இலையுதிர்காலம் முடிவதற்குள் அடுத்த கோதுமையை விதைத்தாக வேண்டும். அதன்பின் மழையும் குளிரும் வயலைத் தம் வசமாக்கிக்கொள்ளும். இடைப்பட்ட சில வாரங்களில் அறுவடைத் தாள்களைக் கிளறி, மண்ணைப் பதப்படுத்தி, விதைப்பை முடிக்க வேண்டும். ஆதலால், அக்காலத்து இரவுகளிலும் அவ்வயல்களில் விளக்கொளி நகர்ந்துகொண்டே இருக்கிறது.

அவ்வொளி டிராக்டர்களுடையது. 500 குதிரைத்திறன் கொண்ட டிராக்டர் ஒன்றின் எடை மட்டும் ஏறத்தாழ 14 டன். அதன் பின்சக்கரம் ஆள் உயரத்தை விஞ்சி நிற்கும். சமநிலைக்காக முன்புறம் பூட்டிய எடைக்கட்டிகளையும், பின்புறம் பூட்டிய அகன்ற கொத்துக்கலப்பையையும் சேர்த்தால் எடை 20 டன்னை நெருங்கும். ஓட்டுநர் குளிரும் தூசியும் புகாத கண்ணாடி அறையில் அமர்ந்திருக்கிறார். செயற்கைக்கோள் வழிகாட்ட, இயந்திரம் தானே நேர்கோட்டில் செல்கிறது. அக்கோடு இரண்டு மூன்று சென்டிமீட்டருக்கு மேல் பிசகுவதில்லை. முற்காலத்தில் பல ஏர்கள் பல நாள் உழுத பரப்பை ஒருவரே ஒரு நாளில் உழுது முடிக்கிறார்.

மனித உழைப்பின் துயரைத் தணித்த இவ்வாற்றல் போற்றுதற்குரியது. ஆயினும், ஒரு வினா எஞ்சுகிறது. அந்த 20 டன் எடையைத் தாங்கும் மண்ணுக்கு என்ன நேர்கிறது?

பெருக்கத்தின் நியாயம்

இயந்திரங்கள் வீண் பெருமைக்காக வளர்ந்தவை என்று கூறுவது நேர்மையாகாது. உழவுத்தொழிலில் கூலியாட்கள் குறைந்தனர், பண்ணைகளின் பரப்பு விரிந்தது, பருவமோ காத்திருப்பதில்லை. விதைப்புக்கு உகந்த நாள்கள் பதினைந்தே எனில், அந்நாள்களுக்குள் வேலையை முடிக்கும் ஆற்றலுக்கு உழவர் விலை கொடுக்கவே செய்வர்.

2019ஆம் ஆண்டின் இலையுதிர்காலம் இதற்குத் தக்க சான்று. பிரிட்டனில் அப்பருவம் முழுதும் பெய்த மழையால் பல பண்ணைகளில் விதைப்பே நடைபெறவில்லை. விதைத்த பயிரையும் அதன்பின் வந்த வறண்ட இளவேனில் வாட்டியது. 2019இல் 1 கோடியே 60 இலட்சம் டன் அளவில் இருந்த அந்நாட்டின் கோதுமை விளைச்சல், 2020இல் 1 கோடி டன்னுக்கும் கீழே இறங்கியது. மழைக்கு முந்திக்கொள்ளும் விரைவு எத்துணை மதிப்புடையது என்பதை அவ்வாண்டு உழவர்க்கு உணர்த்தியது. அகன்ற கருவி, வயலில் குறைந்த தடவைகளே செல்கிறது; அதனால் சக்கரத் தடங்களும் குறைகின்றன என்பதும் பேரியந்திரத்தின் சார்பில் கூறத்தக்க நியாயமே.

எனினும், அதே 2019 மற்றோர் உண்மையையும் காட்டியது. நூற்றுக்கணக்கான குதிரைத்திறன் இருந்தும், நனைந்த களிமண் வயலில் அவ்வியந்திரங்களால் பயனுறப் பணிசெய்ய இயலவில்லை. வேலையின் விரைவை இயந்திரம் முடிவு செய்யலாம். வேலை தொடங்கும் நாளை மண்ணே முடிவு செய்கிறது.

மண்ணுக்குள் நிகழ்வது

நல்ல மண்ணின் கன அளவில் ஏறத்தாழப் பாதி வெற்றிடம். மண் துகள்களுக்கிடையே அமைந்த நுண்துளைகளே அவ்வெற்றிடம். நீர் இறங்குவதும், காற்று உலவுவதும், வேர் நீள்வதும், மண்புழு ஊர்வதும் அவற்றின் வழியாகவே. மண் நசுங்கும்போது முதலில் அழிபவை இத்துளைகள்தாம். துளைகளை இழந்த மண்ணில் மழைநீர் இறங்காமல் தேங்கும்; வேர் கீழே செல்ல வழியின்றிப் பக்கவாட்டில் வளையும்; கோடையில் பயிர் சில அடி ஆழத்தில் உள்ள ஈரத்தை எட்ட மாட்டாமல் வாடும்.

பெரிய டயரைப் பூட்டினால் எடை பரந்துவிடும். ஆகவே மண்ணுக்குக் கேடில்லை என்பர் சிலர். இக்கூற்றில் பாதி உண்மை உண்டு. மண்ணின் மேற்பரப்பில் ஏற்படும் அழுத்தம், டயர் எவ்வளவு பரப்பில் பதிகிறது என்பதைப் பொறுத்தது. டயர் அகன்று, அதனுள் காற்றழுத்தம் தாழ்ந்திருந்தால் மேல்மண் காக்கப்படும். ஆனால், ஆழத்தில் ஏற்படும் அழுத்தத்தைப் பெரிதும் முடிவு செய்வது சக்கரத்தின் மீது ஏறிய மொத்த எடையே. எடை கூடக் கூட அழுத்தம் இன்னும் ஆழத்துக்கு இறங்குகிறது.

2022இல் வெளியான ஆய்வொன்றில் தாமஸ் கெல்லர், டானி ஓர் என்னும் மண்ணியல் அறிஞர்கள் இவ்வேறுபாட்டைத் தெளிவாக விளக்கினர். தானியம் நிறைந்த அறுவடை இயந்திரத்தின் எடை 1958இல் ஏறத்தாழ 4 டன். 2020இல் அது 36 டன்னாக உயர்ந்துவிட்டது. டயர்களும் உடன் வளர்ந்ததால் மேற்பரப்பின் அழுத்தம் பெரிதும் மாறவில்லை. அடிமண்ணின் அழுத்தமோ தொடர்ந்து உயர்ந்தது. இவ்வியந்திரங்களின் எடை, நிலத்தில் வாழ்ந்த விலங்குகளிலேயே மிகப் பெரியவையான நீள்கழுத்து டைனோசர்களின் எடையை நெருங்குகிறது என்று அவர்கள் ஒப்பிட்டனர். உலகின் விளைநிலங்களுள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு, அடிமண் இறுக்கத்துக்கு ஆளாகும் பெரும் இடரில் உள்ளது என்றும் மதிப்பிட்டனர்.

மேல்மண்ணின் இறுக்கத்தை உழவும், உறைபனியும், வெயிலில் தோன்றும் வெடிப்பும், வேர்களும் சில ஆண்டுகளில் தளர்த்திவிடும். அடிமண்ணுக்கு அவ்வாய்ப்பு அரிது. அங்கு நேர்ந்த இறுக்கம் பல பத்தாண்டுகள் நீடிக்கும். அகல உழுவதைவிட ஆழ உழுவது மேல் என்பது தமிழர் பழமொழி. அன்று ஆழம் என்றது கலப்பையின் கொழு எட்டிய அளவை. இன்று கொழு எட்டாத ஆழத்தையும் சக்கரத்தின் எடை எட்டிவிடுகிறது. ஓர் இரவின் அவசரத்துக்கான விலையை அடுத்த தலைமுறை செலுத்த நேர்கிறது.

எடையை வென்றவர்கள்

எடையைக் குறைத்து வலிமையைப் பெறலாம் என்பது புதிய எண்ணம் அன்று. கலிபோர்னியாவின் ஸ்டாக்டன் நகரை அடுத்த ஆற்றுப்படுகையின் மென்மண்ணில் நீராவி டிராக்டர்கள் புதைந்தன. சக்கரங்களை மேன்மேலும் அகலமாக்கியும் பயன் குறைவாகவே இருந்தது. 1904இல் பெஞ்சமின் ஹோல்ட் சக்கரங்களை நீக்கி, எடையை நீண்ட பரப்பில் பரப்பும் தொடர்பட்டையைப் பொருத்தி ஓட்டிக் காட்டினார். மண்ணின் தன்மைக்கு இயந்திரத்தைப் பணியவைத்த முயற்சி அது.

அயர்லாந்தின் வடபகுதியில் 1884இல் பிறந்த ஹாரி பெர்குசன் இன்னும் ஒரு படி முன்னே சென்றார். அவர் காலத்து டிராக்டர்கள், எருதுகளைப் போலவே கலப்பையைப் பின்னால் இழுத்துச் சென்றன; வழுக்காமல் இழுப்பதற்காகவே எடை மிகுத்துச் செய்யப்பட்டன. பெர்குசன் கலப்பையை மூன்று இணைப்புகளால் டிராக்டரோடு ஒன்றாகப் பிணைத்தார். மண் கலப்பையைப் பின்னோக்கி இழுக்கும் விசையே டிராக்டரின் பின்சக்கரங்களை நிலத்தில் ஊன்றச் செய்யுமாறு அதை அமைத்தார். ஆகவே, இரும்பைச் சுமக்காமலே டிராக்டருக்குப் பிடிப்புக் கிடைத்தது. 1946 முதல் கவென்ட்ரி நகரில் உருவான அவரது சிறிய சாம்பல்நிற டிராக்டரின் எடை ஒரு டன்னைச் சற்றே விஞ்சியது. பத்தாண்டுகளில் அவ்வகையில் 5 இலட்சத்துக்கும் மேற்பட்டவை உருவாயின. இன்று உலகெங்கும் டிராக்டர்களின் பின்புறத்தில் காணப்படும் மும்முனை இணைப்பு அவர் தந்ததே. அவ்விணைப்பை ஏற்றுக்கொண்ட உலகம், அதன் பின்னிருந்த எண்ணத்தை மறந்துவிட்டது.

வலிமையின் இடர்

பேரியந்திரத்தின் எடையைக் காட்டிலும் நுண்ணிய இடர் ஒன்று அதன் வலிமையில் உள்ளது. சிறிய டிராக்டர் ஈர வயலில் இறங்கினால் சக்கரம் வழுக்கும், இயந்திரம் திணறும், நின்றுவிடும். அத்திணறல், இன்று உழாதே என்று மண் கூறும் மறுமொழி. 500 குதிரைத்திறன் கொண்ட இயந்திரம் அம்மறுமொழியைக் கேளாமல் கடந்துசெல்ல வல்லது. கண்ணாடி அறைக்குள் இருப்பவர்க்கு மண்ணின் மணமும் தெரிவதில்லை. அதன் பிசுபிசுப்பும் தெரிவதில்லை. திரையில் கோடு நேராக இருக்கிறது. வேலை செம்மையாக நடப்பதாகவே தோன்றுகிறது.

கடனும் இதனோடு சேர்ந்துகொள்கிறது. பெரும் விலை கொடுத்து வாங்கிய இயந்திரத்தைச் சும்மா நிறுத்திவைக்க யாருக்கும் மனம் வாராது. தவணை கட்டுவதற்காக இயந்திரம் ஓட வேண்டும்; ஓடுவதற்காக ஈரம் உலராத வயலிலும் இறங்க வேண்டும். இவ்வாறு உழவரின் ஏவலாளாக வந்த கருவி, உழவரை ஏவத் தொடங்குகிறது.

இயன்ற வழிகள்

இதற்குத் தீர்வு, மீண்டும் ஏருக்கும் எருதுக்கும் திரும்புவது அன்று. அறிவியலே வேறு வழிகளைக் காட்டுகிறது. வயலில் டயரின் காற்றழுத்தத்தைக் குறைத்து, சாலைக்கு வரும்போது கூட்டிக்கொள்ளும் அமைப்பு இன்று உண்டு. இது மேல்மண்ணைக் காக்கும். ஆஸ்திரேலிய உழவர் பலர் பின்பற்றும் நிலைத்தட முறை இன்னும் பயனுடையது. மண்ணின் இறுக்கத்தில் பெரும்பகுதி, சக்கரம் முதன்முறை ஏறும்போதே நேர்ந்துவிடுகிறது. ஆகவே, செயற்கைக்கோள் வழிகாட்டலால் எல்லா இயந்திரங்களையும் ஆண்டுதோறும் அதே தடங்களில் செலுத்துகின்றனர். தடங்கள் சாலையாகட்டும் என்று விட்டுக்கொடுத்து, எஞ்சிய நிலம் முழுவதையும் மிதிபடாமல் காக்கின்றனர்.

ஓட்டுநர் இன்றி ஓடும் சிற்றியந்திரங்கள் மற்றொரு வழி. இங்கிலாந்தின் ஹார்பர் ஆடம்ஸ் பல்கலைக்கழகத்தில் 2017இல் ஒரு எக்டேர் நிலத்தில், மனிதர் எவரும் வயலுக்குள் கால் வைக்காமலே வாற்கோதுமையை விதைத்து அறுவடை செய்து காட்டினர். அதற்குப் பயன்பட்டது சிறிய டிராக்டர்தான். இயந்திரங்கள் பெருத்ததற்கு ஆள் பற்றாக்குறை முதன்மைக் காரணம் எனில், ஆளே வேண்டாத இயந்திரம் பெருத்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஒரு பேரியந்திரத்தின் வேலையைச் சில சிற்றியந்திரங்கள் இரவு பகலாகப் பகிர்ந்துகொள்ளலாம்.

தமிழக வயல்களுக்கு ஒரு பாடம்

தமிழக வயல்களில் ஓடுபவை பெரும்பாலும் 35 முதல் 50 குதிரைத்திறன் கொண்ட சிறிய டிராக்டர்கள். ஆயினும், மண் தாங்கும் எடை குறித்த அறிவு இங்கும் தேவையானதே. காவிரிப் படுகையில் ஈரம் உலராத சம்பா வயலில் டயர் வண்டி இறங்கினால் வயல் பாழாகும் என்பதை உழவர் அறிவர்; வாடகை மிகுதி எனினும் பட்டை பொருத்திய 'செயின் வண்டி'யையே அறுவடைக்கு அழைப்பர். ஒரே ஆழத்தில் மீண்டும் மீண்டும் உழுவதால் இறுகிப்போன அடிமண்ணை உளிக்கலப்பை கொண்டு தகர்க்குமாறு வேளாண்மைத் துறையினர் அறிவுறுத்துகின்றனர். ஸ்டாக்டனின் மென்மண்ணில் ஹோல்ட் கண்டறிந்த உண்மையும் தஞ்சை உழவர் வாடகை பேசும்போது கருதும் உண்மையும் ஒன்றே.

கையளவு மண்

வயலில் இறங்கலாமா என்று அறிய எளிய முறை ஒன்று உண்டு. மண்வெட்டியால் ஒரு சாண் ஆழம் தோண்டி, அங்குள்ள மண்ணில் ஒரு பிடி எடுத்து உள்ளங்கைகளுக்கிடையே திரிக்க வேண்டும். அது விரிசலின்றி மெல்லிய கயிறுபோல நீண்டால் ஈரம் மிகுதி. இயந்திரம் காத்திருக்க வேண்டும். உதிர்ந்துபோனால் உழவைத் தொடங்கலாம். இதற்குச் செலவு ஏதும் இல்லை. சில நிமிடங்களே ஆகும்.

இயந்திரத்தைத் திறம்பட ஓட்டுவது ஒரு கலை. அதை எந்த நாளில் ஓட்டக்கூடாது என்று அறிவது அதனினும் பெரிய கலை. வேளாண்மை பயிலும் இளைஞர்க்கு முதலில் கற்பிக்க வேண்டியது இதுவே. டிராக்டரின் ஆயுள் சில பத்தாண்டுகள். ஓர் அங்குல மேல்மண் உருவாகவோ பல நூற்றாண்டுகள் ஆகும். சாவியைத் திருப்பும் கை, அதற்கு முன் ஒருமுறை மண்ணைத் தொட்டுப் பார்க்கட்டும்.