பிழையை விழுங்கும் புரோகிராம்கள்

ட்ரை என்று ஒரு அடைப்பு. காட்ச் என்று இன்னொரு அடைப்பு. அந்த இரண்டாவது அடைப்புக்குள் ஒன்றுமே இல்லை! ஜாவா படிக்கும் மாணவர்களின் லேப் புரோகிராம்களில் இதைப் பார்க்காத ஆசிரியர் இருக்க முடியாது. கம்பைலர் கத்தியது, அதன் வாயை அடைக்க வேண்டும், அடைத்தாயிற்று. அவுட்புட் வருகிறது, ரெக்கார்டு நோட்டில் கையெழுத்தும் விழுந்துவிடுகிறது.

இதைச் சோம்பேறித்தனம் என்று திட்டுவது சுலபம். ஆனால் பாதிக் குற்றம் பாடத்தை வகுத்தவர்களுடையது. அப்ஸ்ட்ராக்ட் கிளாஸ் ஒரு அத்தியாயம், எக்ஸப்ஷன் வேறொரு அத்தியாயம். முன்னதில் 'விலங்கு' என்று ஒரு கிளாஸ் வரும், நாய் குரைக்கும், பூனை கத்தும். பின்னதில் ஒரு எண்ணைப் பூஜ்யத்தால் வகுப்பார்கள். இரண்டும் கடைசி வரை சந்திப்பதே இல்லை. அந்த நாய்க்கு ஒருநாள் தொண்டை கட்டிக்கொண்டால் என்ன ஆகும்? வைவாவில் யாரும் கேட்பதில்லை. அங்கே கேட்பதெல்லாம் அப்ஸ்ட்ராக்ட் கிளாஸுக்கும் இன்டர்ஃபேஸுக்கும் என்ன வித்தியாசம் என்பதுதான்.

அப்ஸ்ட்ராக்ட் கிளாஸ் என்பது உண்மையில் ஒரு ஒப்பந்தம். பேரண்ட் கிளாஸை எழுதியவர் எப்போதோ எழுதி முடித்துவிட்டார். அதன் சைல்ட் கிளாஸை முன்பின் தெரியாத இன்னொருவர் ஐந்து வருடம் கழித்து எழுதுவார். வேலை நடந்தால் என்ன தர வேண்டும் என்று மட்டும் சொல்லிவிட்டு, நடக்காவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லாமல் விட்டால் அது அரை ஒப்பந்தம். ஜாவாவில் இதன் விளைவு இன்னும் மோசம். பேரண்ட் மெத்தட் அறிவிக்காத செக்டு எக்ஸப்ஷனை சைல்ட் மெத்தட் வீச முடியாது, கம்பைலர் விடாது. அப்போது அந்த அப்பாவி என்ன செய்வான்? பிழையை விழுங்குவான், அல்லது ரன்டைம் எக்ஸப்ஷனுக்குள் சுருட்டி வீசுவான், அல்லது மைனஸ் ஒன்றைத் திருப்பி அனுப்பிவிட்டுக் கையைக் கழுவுவான்.

மாணவர்கள்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம். ஜாவாவின் சொந்த நூலகத்தில் உள்ள இன்புட்ஸ்ட்ரீம் என்ற அப்ஸ்ட்ராக்ட் கிளாஸைத் திறந்து பாருங்கள். ஒரு பைட்டைப் படிக்கும் ரீட் மெத்தட் மட்டும் அப்ஸ்ட்ராக்ட். பல பைட்டுகளை மொத்தமாகப் படிக்கும் மெத்தடை பேரண்டே எழுதி வைத்திருக்கிறது. அது முதல் மெத்தடைத் திரும்பத் திரும்பக் கூப்பிடும். முதல் பைட்டிலேயே பிழை வந்தால் ஒழுங்காக வெளியே வீசும். ஆனால் 500ஆவது பைட்டில் பிழை வந்தால்? காலி காட்ச் அடைப்பு! ஃபைல் முடிந்துவிட்டது போல 499 பைட்டுகளைத் தந்துவிட்டுப் பேசாமல் இருந்துவிடும். படித்தவரைக்கும் வீணாகக் கூடாது, அடுத்த அழைப்பில் பிழை மறுபடி தலைகாட்டும் என்பது இதற்கான வாதம். தலைகாட்டினால் சரி. ஒரே ஒரு முறை வந்து மறைந்த பிழைக்குச் சாட்சியே கிடையாது. இப்படித்தான் நடக்கும் என்று ஆவணத்தில் வெளிப்படையாக எழுதியிருக்கிறார்கள், அந்த நேர்மையைப் பாராட்டலாம். ஆனால் அதைப் படித்துவிட்டு சைல்ட் கிளாஸ் எழுதுகிறவர்கள் எத்தனை பேர்?

இன்னொரு வேடிக்கை, எல்லோரும் முதன்முதலில் எழுதும் 'ஹலோ வேர்ல்ட்'. பிரிண்ட்ஸ்ட்ரீம் எழுதும்போது வரும் ஐஓ எக்ஸப்ஷனை வெளியே விடவே விடாது, உள்ளே ஒரு கொடியை மட்டும் ஏற்றி வைத்துக்கொள்ளும். அவுட்புட்டை இடமே இல்லாத ஒரு டிஸ்க்குக்குத் திருப்பி விட்டால், ஓர் எழுத்துகூட எழுதப்படாமலே புரோகிராம் 'வெற்றி' என்று சொல்லிவிட்டு முடியும்.

சரி, விழுங்காமல் கத்திவிட்டால் போதுமா? போதாது. அதற்கு ஏரியான் 5 சாட்சி. 1996 ஜூன் 4 அன்று பிரெஞ்சு கயானாவின் கூரூ தளத்திலிருந்து அந்த ராக்கெட் முதன்முறையாகக் கிளம்பியது. திசை காட்டும் கருவியின் புரோகிராம் ஏரியான் 4இலிருந்து அப்படியே எடுக்கப்பட்டது. அடா மொழியில் எழுதியது. கிடைமட்ட வேகத்தோடு தொடர்புள்ள ஒரு 64 பிட் தசம எண்ணை அது 16 பிட் முழு எண்ணாக மாற்றும். அதில் 32,767க்கு மேல் அடங்காது. பழைய ராக்கெட்டின் பாதையில் அந்த எல்லை தாண்டப்படவே இல்லை. புதியதன் வேகத்தில் தாண்டியது. இத்தனைக்கும், அந்தக் கணக்கு கிளம்பிய பிறகு ஏரியான் 5க்குத் தேவையே இல்லாத கணக்கு! ஆபத்துள்ள ஏழு மாறிகளில் நான்குக்குத்தான் பாதுகாப்பு வைத்திருந்தார்கள். விடுபட்ட மூன்றில் ஒன்று இது.

எக்ஸப்ஷன் முறையாகவே எழுந்தது. பிடிப்பதற்குத்தான் ஆள் இல்லை. பிழை வந்தால் ப்ராசஸரை நிறுத்து என்பது விதி, ஏனென்றால் பிழை என்றால் ஹார்டுவேர் பழுதாகத்தான் இருக்கும் என்று நினைத்து எழுதிய விதி அது. மாற்றுக் கருவியிலும் அதே புரோகிராம் என்பதால் அதுவும் அதே காரணத்துக்காக ஏற்கனவே நின்றிருந்தது. நின்ற கருவி தன் நோயைச் சொல்லும் தகவலை, வழக்கமான தகவல் போகும் அதே பாதையில் அனுப்பியது. பிரதான கம்ப்யூட்டர் அதைப் பறக்கும் நிலவரம் என்று எடுத்துக்கொண்டு ராக்கெட்டைத் திருப்பியது. கிளம்பி 40 வினாடிகூட ஆகவில்லை, நான்கு கிளஸ்டர் செயற்கைக்கோள்களோடு எல்லாம் சிதறிப்போனது. மைனஸ் ஒன்றைத் திருப்பி அனுப்பும் மெத்தடும், அதை எண்ணாக எடுத்துக் கூட்டிக்கொள்ளும் புரோகிராமும் செய்வது இதே வேலைதான்.

செக்டு எக்ஸப்ஷனே தப்பு என்று ஒரு கட்சி உண்டு. சி ஷார்ப் மொழியை வடிவமைத்த ஆண்டர்ஸ் ஹெய்ல்ஸ்பெர்க் 2003இல் ஒரு பேட்டியில் இதை விரிவாகவே வாதிட்டார். புதிதாக ஒரு எக்ஸப்ஷனைச் சேர்த்தால் பயன்படுத்துகிறவர்கள் எல்லோருடைய புரோகிராமும் உடைகிறது, கடைசியில் எல்லோரும் எரிச்சலில் விழுங்கிவிடுகிறார்கள் என்பது அவர் பக்க நியாயம். ஜாவாவே 2014இல் எட்டாம் பதிப்பில் அன்செக்டு ஐஓ எக்ஸப்ஷன் என்று ஒன்றைச் சேர்த்தது. எனவே அவர் சொன்னதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் கம்பைலர் கட்டாயப்படுத்த வேண்டாம் என்பது வேறு, ஒப்பந்தத்தில் எழுதவே வேண்டாம் என்பது வேறு.

'பணம் செலுத்து' என்று ஒரு அப்ஸ்ட்ராக்ட் மெத்தட், உண்டு அல்லது இல்லை என்று பதில் தர வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். வங்கியின் பதில் வருவதற்குள் இணைப்பு அறுந்துவிட்டது. பணம் போயிருக்கலாம், போகாமலும் இருக்கலாம். இந்த மூன்றாவது நிலையைச் சொல்ல பேரண்ட் கிளாஸில் இடமே இல்லை. சைல்ட் கிளாஸ் எழுதியவர் காட்ச் அடைப்புக்குள் 'இல்லை' என்று போட்டுவிடுகிறார். பேரண்டில் இருக்கும் லூப் அதை நம்பி இன்னொரு முறை முயற்சி செய்கிறது. இந்த முறை இணைப்பு அறுவதில்லை, ஒரே பொருளுக்கு இரண்டு முறை பணம் பிடிக்கப்படுகிறது. லாகில் ஒரு வரிகூட இருக்காது.